வீட்ல எழுதினது

ஆஸ்பத்திரியில் அவனுக்கு மந்திரவாதி என்று பெயர். கம்ப்யூட்டர் பிரிவில் மற்றவர்கள் மவுஸை உருட்டி, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து மூடி, அரைநாள் மல்லுக்கட்டுகிற வேலைக்கு அவன் கறுப்புத் திரையில் ஒரே வரியைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வான். எழுத்துகள் கடகடவென்று ஓடும். அவன் காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஸ்கேன் அறை நர்ஸ் முதல் மருந்துக் கிடங்குக்காரர் வரை, எந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும், "மந்திரவாதியைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

அந்த மந்திரத்தில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. எல்லாம் அவன் மனைவி எழுதிக் கொடுத்தவை. ஆஸ்பத்திரியில் இது தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

தொடக்கத்தில் அவன் மனதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. ஸ்கேன் இயந்திரங்கள் ஓயாமல் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வரில் இடம் நிரம்பிப் பிதுங்கும். பழைய படங்களைப் பொறுக்கி எடுத்து, கிடங்கு போல வைத்திருந்த இன்னொரு சர்வருக்கு மாற்றி, எல்லாம் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, அதன் பிறகுதான் இங்கே அழிக்க வேண்டும். இதைக் கையால் செய்தே அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. அப்படி ஒரு ஞாயிறு, வீட்டிலிருந்தபடியே அந்த வேலையோடு அவன் மாரடித்துக்கொண்டிருந்தபோது, துவைக்கிற மெஷினில் துணியைப் போட்டுவிட்டு வந்த மனைவி அவன் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதையெல்லாமா கையால பண்றீங்க?"

"வேற எப்படிப் பண்றது?"

"கொஞ்சம் நகருங்க."

அவள் ஒரு காலத்தில் பெரிய நிறுவனம் ஒன்றில் சர்வர்களைக் கட்டி மேய்த்தவள். இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில்தான் அவனுக்கு இந்த ஊரில் ஆஸ்பத்திரி வேலை வந்தது. யாராவது ஒருத்தர் வேலையை விட்டாக வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மெஷின் துணியைச் சுற்றிப் பிழிந்து முடிப்பதற்குள், அந்த வேலையெல்லாம் தானாக நடக்கும்படி ஒரு கட்டளைத் தொகுப்பை, ஒரு ஸ்கிரிப்டை, அவள் எழுதிவிட்டாள். "முதல்ல இங்க இருக்கறத எண்ணும். அப்புறம் அங்க அனுப்பும். போய்ச் சேர்ந்ததையும் எண்ணிப் பார்க்கும். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் இங்க அழிக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் அப்படியே நின்னுடும், எதையும் தொடாது" என்றாள். "நோயாளிங்க படம் பாருங்க. போனா வராது." பிறகு ஈரத் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு காயப்போடப் போய்விட்டாள்.

அப்போது அவனுக்குத் துறைத் தலைவராக இருந்தவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். திங்கட்கிழமை அந்த ஸ்கிரிப்ட் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"பிரமாதமா இருக்கே. யார் எழுதினது?"

"வீட்ல எழுதினது சார்."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரி எழுதியது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம், வீட்டில் உட்கார்ந்து நான் எழுதியது என்றும் கொள்ளலாம். பெரியவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் சும்மா இருக்கறதில்ல" என்று அவன் முதுகில் தட்டினார். அந்தக் கணத்தில் திருத்திச் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். அவன் திருத்தவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு போனான். வக்கீலும் அவனே, நீதிபதியும் அவனே என்பதால் வழக்கு சுலபமாக ஜெயித்தது.

அடுத்த முறை யாரோ கேட்டபோது "நான்தான் எழுதினேன்" என்று சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை.

வீட்டிலும் ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தது. "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போது அவள் கையில் பாத்திரம் தேய்க்கிற நார் இருந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உன்னப் பத்திச் சொன்னேன். பெரியவர் அசந்துட்டார். உங்க வீட்ல இவ்வளவு கெட்டிக்காரங்களானு கேட்டார்."

அன்று முழுக்க அவள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு அவன் கொண்டுவந்த ஒவ்வொரு சிக்கலுக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே உட்கார்ந்து அவள் எழுதிக் கொடுத்தாள். புதிதாகச் சேர்கிற டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மொத்தமாகக் கணக்குத் திறக்க ஒன்று. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கைப் பூட்ட ஒன்று. பேக்கப் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கத்திக் கூப்பாடு போட ஒன்று. எப்படி எழுதினாள் என்று சொல்லிக் கொடுக்கவும் முயன்றாள். "புரியுது, புரியுது" என்பான். பாதி புரியும். மீதிப் பாதிக்கு அவள் இருந்தாள்.

வருட இறுதியில் பெரியவர் அவனுக்கு ஒரு பாராட்டுக் கேடயம் கொடுத்தார், கைதட்டலோடு. அதை அவன் ஆபீஸ் மேஜையின் கீழறையில் பழைய ஒயர்களுக்கு அடியில் வைத்துவிட்டான். மேஜைமேல் வைக்கக்கூடாதா என்று கேட்டவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அதில் எழுதியிருப்பதை அவள் படிப்பாள்.

பிறகு பெரியவர், ஊரெல்லாம் கிளை வைத்திருந்த ஒரு பரிசோதனைக்கூட நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் துறையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு மேடம் வந்தார். அவனும் ஒரு படி உயர்ந்தான்.

சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மனைவி மறுபடி வேலை தேடினாள். அவனிடம் யோசனை கேட்டாள், அவன் தலையாட்டினான். ஒருநாள் மாலை அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்தாள்.

"இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. யார் பண்றாங்க தெரியுமா? உங்க பெரியவர்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து செருப்பை நேராக அடுக்கினான். நேராகவே இருந்த செருப்பை மறுபடியும் அடுக்கினான்.

"அங்க போக தினம் ரெண்டு பஸ் மாறணுமே" என்றான்.

"மாறிக்கறேன். அவருக்குத்தான் என்னை ஏற்கெனவே தெரியுமே, நீங்க எவ்வளவோ சொல்லியிருக்கீங்களே. அதான் எனக்குப் பாதிப் பயம் போயிடுச்சு."

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எழுந்ததும் நினைத்தான். அவளிடம் சொல்ல வேண்டும், அல்லது பெரியவருக்கு ஒரு போன் போட வேண்டும். இரண்டில் எது குறைந்த அவமானம் என்று எடை போட்டுப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கடத்தினான். கடைசியில் அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். "ஆஸ்பத்திரிக்காக எழுதினதை எல்லாம் அங்க காட்டாத. வெளிய போகக் கூடாத விஷயம்" என்றான்.

"சர்வர் பேரு, ஆஸ்பத்திரி பேரு எல்லாத்தையும் எடுத்துட்டேங்க. வெறும் எலும்புக்கூடுதான் இருக்கு. செஞ்ச வேலைனு காட்ட எனக்கு வேற என்ன இருக்கு?"

 நேர்காணல் அன்று காலை அவள் உடைக்கு அவனே இஸ்திரி போட்டுக் கொடுத்தான். சுருக்கமே இல்லாத இடத்தையும் விடாமல் தேய்த்தான்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவரிடமிருந்து போன் வந்தது. பக்கத்து மேஜைகளில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"தம்பி, தனியா இருக்கீங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்ல இன்னிக்கு வந்திருந்தாங்க."

"சொல்லுங்க சார்."

"நல்லாத்தான் பேசினாங்க. ஆனா, தான் எழுதினதுனு ஒண்ணைக் காட்டினாங்க பாருங்க, அது உங்க ஸ்கேன் ஸ்கிரிப்ட். அந்த எண்ணிப் பாக்கற ஏற்பாட்டை நான் மறப்பேனா? இது உங்க வீட்டுக்காரர் எழுதினதாச்சேம்மான்னேன். இல்ல, நான்தான் எழுதினேன்னாங்க. எனக்கே சங்கடமாப் போச்சு. குடும்பத்துல ஒருத்தருக்கொருத்தர் உதவறதுதான். ஆனா வேலைக்கு வர்ற இடத்துல இப்படிச் சொல்லலாமா? அதான் வேண்டாம்னு முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு. வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் கடிஞ்சுக்காதீங்க, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

பக்கத்து மேஜைக்காரன் எதற்கோ சிரித்தான்.   உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே வாயைத் திறந்தான்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றான்.

"சேச்சே, நீங்க எதுக்குத் தம்பி" என்று பெரியவர் போனை வைத்தார்.

அவள் செய்யாத தப்புக்கு அவள் சார்பில் அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் முகத்தைக் கழுவினான். கழுவக் கழுவ அந்த இரண்டு வார்த்தையும் வாயை விட்டுப் போகவில்லை.

அவன் வீடு திரும்பியபோது அவள் காய்ந்த துணிகளைக் கட்டில்மேல் குவித்துப்போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். உடை மாற்றியிருந்தாள். காலையில் அவன் இஸ்திரி போட்டுக் கொடுத்தது கொடியில் தொங்கியது. பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்த சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"என் பேரை அவர் இன்னிக்குத்தான் முதல் தடவையா கேள்விப்படறார்" என்றாள், நிமிராமல். "நான் எழுதினதுனு சொன்னேன். சிரிச்சார். கெட்டவிதமா இல்ல, குழந்தை ஏதோ உளறினா சிரிப்போமே, அந்த மாதிரி. வேற ஏதாவது குடுங்க, இங்கயே எழுதிக் காட்டறேன்னேன். வேண்டாம்மா, போய்ட்டு வாங்கன்னார்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணார்."

"என்ன சொன்னீங்க?"

பூசி மெழுக எத்தனையோ வார்த்தைகள் கைவசம் இருந்தன. அத்தனை வருடமும் அவற்றை வைத்துத்தான் பிழைத்திருந்தான். அன்று ஒன்றும் எடுபடாது என்று தோன்றியது.

"மன்னிச்சுக்கோங்கனு சொன்னேன்."

அவள் கை நின்றது. மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பார்த்தது, தெரிந்த முகம் என்று நினைத்து யாரையோ தெருவில் கூப்பிட்டுவிட்டு, அவர் திரும்பியதும் வேறு ஆள் என்று கண்டுகொண்ட பார்வை.

"சரி" என்று மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பாடு வந்தது, பிள்ளைகளின் விஷயங்கள் பேசப்பட்டன. ஆபீஸில் என்ன என்று மட்டும் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவன் தன் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவள் அடுத்த அறைக்குப் போனாள்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் புதிய ஸ்கேன் இயந்திரம் வந்து இறங்கியது. சில வாரங்கள் கழித்து ஒருநாள் காலையில் ஸ்கேன் அறையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். படம் எடுத்தால் சேமிக்க மாட்டேன் என்கிறது, சர்வரில் இடம் இல்லை என்கிறது, நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள் என்றாள். அவன் பார்த்தான். பழைய படங்களை மாற்றுகிற ஸ்கிரிப்ட் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. எண்ணிக்கை ஒத்து வரவில்லை, எதையும் அழிக்கவில்லை என்று திரையில் ஒரு வரி.

"மந்திரவாதி பாத்துக்குவார்" என்று யாரோ சொன்னார்கள். மேடமும் வந்து பின்னால் நின்றார்.

அவன் ஸ்கிரிப்டைத் திறந்தான். மேலிருந்து கீழே போனான், கீழிருந்து மேலே வந்தான். ஒரு வரியில் கை வைத்துவிட்டு எடுத்தான். தப்பாக ஒரு எழுத்தைத் தட்டினால் யாரோ ஒருவருடைய மூளையின் படம், யாரோ ஒருவருடைய நுரையீரலின் படம் காணாமல் போகும். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க வாய் இல்லை. நேரம் போகப் போகச் சட்டை முதுகில் ஒட்டியது. நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். வலியில் ஒருத்தர் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருக்கிறார் என்றாள்.

"என்ன ஆச்சு, பெரிய பிரச்சனையா?" என்றார் மேடம்.

அவன் எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மேடம், இதை நான் எழுதல. எனக்குச் சரி பண்ணத் தெரியாது. எழுதினவங்களைத்தான் கேக்கணும்."

"யார் எழுதினது?"

"என் மனைவி. இது மட்டும் இல்ல. எல்லாமே அவங்க எழுதினதுதான்."

 மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேட்க நிறைய இருந்திருக்கும். அப்போதைக்கு, "நம்பர் குடுங்க" என்று மட்டும் கேட்டு, தன் போனிலிருந்து தானே கூப்பிட்டு, தான் யார் என்று சொல்லி, நடந்ததை விளக்கி, உதவ முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை மேஜைமேல் வைத்தார்.

"புது மெஷின் அனுப்பற ஃபைலோட பேரைப் படிங்க" என்றது மனைவியின் குரல்.

அவன் படித்தான்.

"நடுவுல இடைவெளி இருக்கா?"

"இருக்கு."

"அதான். ஒரு பேரை ரெண்டு பேரா நினைச்சுத் தேடுது. கிடைக்கல, எண்ணிக்கை உதைக்குது, நின்னுடுச்சு. தப்பு என்னோடதுதான் மேடம். பழைய மெஷின் பேர்ல இடைவெளி வராதுனு நம்பி விட்டுட்டேன். அப்பவே பாத்திருக்கணும்."

தப்பு என்னோடதுதான் என்பதை அவள் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாலர் குறியோட ஃபைல் பேரு வர்ற இடத்துல எல்லாம் ரெண்டு பக்கமும் டபுள் கோட்ஸ் போடுங்க. முதல்ல காப்பி பண்ற வரி. போட்டாச்சா? வாசிச்சுக் காட்டுங்க. அடுத்தது அழிக்கற வரி, அதுல பதறாம போடுங்க. இப்போ அழிக்காம, என்ன செய்யும்னு மட்டும் காட்டச் சொல்லி ஓட்டிப் பாருங்க."

வகுப்பில் நிற்க வைக்கப்பட்டவன் போல அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். அவளுடைய குரலில் குத்தல் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு வழி சொல்வதுபோல அவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமைதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. சற்று நேரத்தில் எழுத்துகள் ஓடின, எண்ணிக்கை ஒத்து வந்தது, சர்வரில் இடம் பிறந்தது. மேடம் நன்றி சொன்னார். "இருக்கட்டும் மேடம், அந்த நோயாளியை முதல்ல பாருங்க" என்று அவள் போனை வைத்தாள்.

அன்று மதியமே அவன் பெரியவருக்குப் போன் போட்டான். மாடிப்படியின் வளைவில் நின்றுகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். 

"அன்னிக்கு நான் அந்த அம்மாவைப் பாத்துச் சிரிச்சேன் தம்பி" என்றார் பெரியவர். "அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. எதுக்குக் கேட்டீங்க?"

 படியில் இறங்கி வந்த யாரோ ஒருவருக்குச் சுவரோடு ஒட்டி வழிவிட்டான்.

"சரி, நான் அவங்ககிட்டயே பேசிக்கறேன்" என்றார் பெரியவர். அவனைத் தம்பி என்று அவர் அழைத்தது அந்தப் போனில்தான் கடைசி.

பெரியவர் வீட்டுக்கே வந்தார். முன்னறையில் உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார். வேலைக்கு வரச் சொன்னார். அவன் சமையலறையில் நின்றுகொண்டு, கொதித்து அடங்கிய தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன்? அவர்தான் இவ்வளவு தூரம் வந்து கேட்டாரே" என்றான் அவன்.

"அங்க சேர்ந்தா, நீங்க போய்ச் சொன்னதாலதான் நான் எழுதினது நிஜமாச்சுனு ஆகும். நான் சொன்னப்பவும் அது நிஜம்தானே."

வேறு ஒரு இடத்தில், அவனையும் பெரியவரையும் அறியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த சிக்கலை அங்கேயே எழுதித் தீர்த்து வேலை வாங்கினாள். இரண்டு பஸ் இல்லை, மூன்று பஸ் மாற வேண்டும்.

அவனை மேடம் வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒரு படி இறக்கி, ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வகுப்புக்கு, நேற்றுச் சேர்ந்த பையன்களோடு உட்கார வைத்தார். மந்திரவாதி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கேலியும் செய்வதில்லை. பெயரைச் சொல்லி, வாங்க போங்க என்று, அளவுக்கு மீறிய மரியாதையோடு நடந்துகொள்கிறார்கள்.

ஒருநாள் மனைவி திரும்பி வரத் தாமதம். பிள்ளைகளுக்கு அவன்தான் சோறு போட்டான். மூத்த மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா ஸ்கேன் அறை நர்ஸ்.

"அப்பா, உங்க ஆபீஸ் வேலையெல்லாம் இவ்வளவு நாளா அம்மாதான் பண்ணாங்களாமே? அவ சொன்னா."

அவன் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தான்.

"ஆமா" என்றான்.

மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் மேற்கொண்டு ஏதாவது கேட்பாள் என்று அவன் வெகுநேரம் காத்திருந்தான்.